காணாத செவிப்பறை: காதுத் தொற்றும் தொலைமருத்துவமும்

தோலில் தோன்றும் தடிப்பையோ கண்ணில் படரும் சிவப்பையோ கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட முடியும். காதுத் தொற்றில் அது அவ்வளவு எளிதாக இயலாது. நோயின் இயல்பைக் காட்டும் செவிப்பறை, வயது வந்த ஒருவரின் காதுத் துளையிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே, வளைந்து செல்லும் குழாயின் கோடியில் அமைந்திருக்கிறது. நோயாளி கண்ணாடி முன் நின்றாலும் அதைக் காண முடியாது, தாய் குழந்தையின் தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் அது தென்படாது. நேரில் செல்லாமல் தொலைபேசி, காணொளி, குறுஞ்செய்தி ஆகியவற்றின் வழியே மருத்துவரை அணுகும் முறைக்குத் தொலைமருத்துவம் என்று பெயர். காது நோய்களில் இம்முறை எங்கே நன்கு பயன்படுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கிறது; ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள பல நூறு கிலோமீட்டரைவிட, காதுக்குள் இருக்கும் இந்த இரண்டரை சென்டிமீட்டரே கடப்பதற்கு அரியது.

செவிப்பறை என்பது சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டமும் கொண்ட சவ்வு. அதற்கு வெளியே உள்ள காதுமடலும் குழாயும் சேர்ந்தது வெளிச்செவி. அதற்கு உள்ளே, சுத்தி, பட்டடை, அங்கவடி என்று அழைக்கப்படும் மூன்று நுண்ணெலும்புகள் தொங்கும் காற்றறையே நடுச்செவி. அதற்கும் அப்பால், ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நத்தை வடிவ உறுப்பும் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களும் அடங்கியது உட்செவி. தொற்று பற்றிய பேச்சில் முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி, அது செவிப்பறைக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதுதான்; இரண்டும் வலிக்கும், இரண்டிலும் நீர் வடியலாம், இரண்டிலும் காது அடைத்ததுபோல் இருக்கும், ஆனால் மருந்து முற்றிலும் வேறு. காதே நலமாக இருக்கும்போதும் காது வலிக்கக்கூடும் என்பது சிக்கலை இன்னும் கூட்டுகிறது: பல், தொண்டை, உள்நாக்குச் சதை, தாடை மூட்டு ஆகியவற்றுக்குச் செல்லும் நரம்புகளின் கிளைகள் காதுக்கும் செல்வதால், சொத்தைப் பல்லின் வலியைக் காதின் வலியாக மூளை உணர்வது உண்டு.

வெளிச்செவித் தொற்று பெரும்பாலும் ஈரத்தாலும் கீறலாலும் வருவது. காதுக் குறும்பி அழுக்கு என்று பலர் எண்ணினாலும், அது எண்ணெய்ப்பசையும் சற்றே அமிலத்தன்மையும் கொண்ட காப்புப் பூச்சு. நீந்துவதாலோ குளிக்கும்போதோ உள்ளே தேங்கிய நீர் அதைக் கரைத்துவிட, பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் விட்டுக் குடைவதால் தோலில் கீறல் விழ, சூடோமோனாஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே குடியேறுகின்றன. குழாயின் உட்பகுதியில் தோல் மிக மெல்லியதாகி எலும்பின் மீதே நேராகப் படிந்திருப்பதால், சிறு வீக்கமும் தாங்க முடியாத வலியைத் தருகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோரப் பகுதிகளில் இதே இடத்தில் பூஞ்சையும் வளரும். அப்போது வலியைவிட அரிப்பு மேலோங்கி, கருப்பு அல்லது வெள்ளைத் துகள்கள் கலந்த ஈரமான கசடு காணப்படும். இந்த வகைத் தொற்றைக் கண்டறிவதில் காணொளி மருத்துவர் ஓரளவு கைகட்டப்படாதவர்: காதுத் துளையின் முன்புறம் இருக்கும் சிறு குருத்தெலும்பு முனையை விரலால் அழுத்தும்படியும், மடலை மெல்ல இழுக்கும்படியும் நோயாளியிடமே சொல்லி, வலி கூடுகிறதா என்று கேட்டுவிடலாம்; கூடுமானால் நோய் வெளிச்செவியில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மருந்தும் பெரும்பாலும் சொட்டு மருந்துதான். மற்றபடி நலமாக இருப்பவருக்கு இந்நோயில் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

நடுச்செவித் தொற்றின் கதை மூக்கில் தொடங்குகிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் ஒரு குறுகிய குழல் இணைக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தொலொமேயோ யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேசியன் குழல் எனப்படுகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, நடுச்செவியின் காற்றழுத்தத்தை வெளிக்காற்றுக்கு ஈடாக்குவதும், அங்கே சுரக்கும் நீரை வடிப்பதும் அதன் வேலை. பெரியவரிடம் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமும் நல்ல சரிவும் கொண்ட இக்குழல், கைக்குழந்தையிடம் அதில் ஏறத்தாழப் பாதி நீளமே உடையதாகவும் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்த சில நாட்களில் அது வீங்கி அடைபட, உள்ளே தேங்கிய நீரில் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா ஆகிய பாக்டீரியாக்கள் பெருகிச் சீழ் உண்டாகிறது. சளி பிடித்த குழந்தை மூன்றாம் நாள் இரவில் திடீரென்று வீரிட்டு அழுவதன் காரணம் பல வீடுகளில் இதுவே. படுத்த நிலையில் புட்டிப்பால் குடிப்பதும் வீட்டில் புகைபிடிப்பதும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. தாய்ப்பாலும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் குறைக்கின்றன. இந்தியாவில் அத்தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கப்பட்டு 2021இல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இங்கேதான் செவிப்பறையைக் காண்பது இன்றியமையாததாகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், செவிப்பறைக்குப் பின்னே நீர் சேர்ந்திருப்பதற்கான சான்று இல்லாமல் குழந்தைக்குக் கடும் நடுச்செவித் தொற்று இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்கிறது. அது தேடச் சொல்லும் முதன்மையான அடையாளம், உள்ளிருக்கும் சீழின் அழுத்தத்தால் செவிப்பறை வெளிப்புறமாகப் புடைத்திருப்பது. வெறும் சிவப்பு போதாது. காய்ச்சலாலும் நெடுநேரம் அழுவதாலுமே செவிப்பறை சிவந்துவிடும். குழந்தை காதைப் பிடித்து இழுக்கிறது என்பதும் போதாது. பல் முளைக்கும்போதும் தூக்கம் வரும்போதும் குழந்தைகள் காதை இழுப்பார்கள். ஆக, பெற்றோர் காணொளியில் விவரிக்கக்கூடிய அறிகுறிகள் அனைத்தையும் சேர்த்தாலும், ஓட்டோஸ்கோப் என்னும் காதுநோக்கி வழியாக ஒரு கணம் பார்ப்பது தரும் உறுதியை அவை தருவதில்லை.

இந்த உறுதியின்மைக்கு ஒரு விலை உண்டு. நேரடி வாடிக்கையாளர் சேவையாக, அதாவது குழந்தையை முன்பின் பார்த்திராத மருத்துவரோடு வீட்டிலிருந்தே பேசும் வகையில் நடக்கும் தொலைமருத்துவத்தை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சளி, தொண்டை, காது போன்ற சுவாசப்பாதைத் தொற்றுகளுக்காக அணுகிய குழந்தைகளில் 52 விழுக்காட்டினருக்கு அங்கே ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டிருந்தது. அவசர சிகிச்சை நிலையங்களில் அது 42 விழுக்காடு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் 31 விழுக்காடு. காணாததை ஈடுகட்ட மருந்தைக் கூட்டி எழுதும் இப்பழக்கம், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் காலத்தில் சிறிய தவறு அல்ல. அதிலும், கடும் நடுச்செவித் தொற்று பெரும்பாலான குழந்தைகளில் தானாகவே ஆறும் நோய்: பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சுமார் 60 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி நீங்கிவிடுவதைக் காட்டியது. எனவே இரண்டு வயதைக் கடந்து, நோய் கடுமையாக இல்லாத குழந்தைகளுக்கு, பாராசிட்டமால் போன்ற வலிநீக்கியை மட்டும் கொடுத்து, 48 முதல் 72 மணி நேரம் வரை கவனித்துப் பிறகு முடிவு செய்வதையும் மேற்கண்ட வழிகாட்டுதல் ஏற்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. நியாயமாகப் பார்த்தால், இப்படிக் காத்திருக்கும் இரண்டு மூன்று நாட்கள்தான் தொலைமருத்துவத்துக்கு மிகவும் ஏற்ற காலம். செவிப்பறையை ஒரு முறை நேரில் பார்த்துவிட்ட மருத்துவர், குழந்தை தூங்கியதா, பால் குடித்ததா, காய்ச்சல் இறங்கியதா என்பதைக் காணொளியில் கேட்டறிந்தே அடுத்த முடிவை எடுக்க முடியும். பெற்றோருக்கும் இன்னொரு முறை பேருந்து ஏறும் அலைச்சல் மிச்சமாகும்.

சில குழந்தைகளுக்குத் தொற்று அடங்கிய பின்பும் நடுச்செவியில் நீர் வாரக்கணக்கில் தங்கிவிடும். வலி இருக்காது, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவதும், கூப்பிட்டால் திரும்பாததும்தான் தெரியும். மூன்று மாதம் கடந்தும் நீர் வற்றாவிட்டால் செவித்திறன் சோதனை தேவை.

இந்தியாவிலும் இலங்கையிலும் காது மருத்துவர்களிடம் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் நோய் மற்றொன்று: செவிப்பறையில் விழுந்த ஓட்டை மூடாமல், வாரக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும் நாள்பட்ட நடுச்செவித் தொற்று. வலி குறைவாக இருப்பதால் குடும்பங்கள் இதற்குப் பழகிப்போகின்றன. சீழ் வரும்போது பஞ்சு வைத்து, நின்றதும் மறந்துவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் தொடங்குகின்றன. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வழக்கம் அக்கறையிலிருந்து பிறந்ததே என்றாலும், ஓட்டை உள்ள காதில் அது நேராக நடுச்செவிக்குள் இறங்கிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் இதே ஆபத்து மறைந்திருக்கிறது: ஜென்டாமைசின், நியோமைசின் ஆகியவை கலந்த சொட்டுகள் ஓட்டை வழியாக உள்ளே சென்றால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்களைச் சேதப்படுத்தி நிரந்தரச் செவிட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடும் என்பதால், இத்தகைய காதுகளுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற குயினலோன் வகைச் சொட்டுகளே விரும்பப்படுகின்றன. சீழ் தேங்கிய காதில் எந்த மருந்தும் உரிய இடத்தைச் சென்று சேராது. ஆகவே சுத்தமான பஞ்சையோ மென்தாளையோ திரியாகத் திரித்து, சீழை ஒற்றி எடுத்து, காதை உலர்த்திய பின்பே சொட்டு விட வேண்டும். தொலைவிலிருந்து கற்றுத்தரக்கூடிய மிகப் பயனுள்ள செய்முறை இதுவே. ஒரு செவிலியர் காணொளியில் தாய்க்கு ஒரு முறை செய்து காட்டினால், மாத்திரைகள் தராத பலனை அது தரும்.

ஆனால் சீழ் வடியும் காதுகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் செவிப்பறையின் ஓரம் உட்குழிந்து பையாகி, அதற்குள் தோல் செல்கள் சேர்ந்து கட்டியாகத் திரண்டு, சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரிக்கத் தொடங்கும். கொலஸ்டியடோமா எனப்படும் இது புற்றுநோய் அல்ல என்றாலும், அறுவை சிகிச்சையன்றி வேறு எதற்கும் பணியாது. விட்டுவிட்டால் முகநரம்பையும், உட்செவியையும், மூளையை மூடியுள்ள எலும்புத் தகட்டையும் அது தொட்டுவிடும். அளவில் குறைவாக, கெட்ட நாற்றத்தோடு, எந்தச் சொட்டுக்கும் நிற்காமல் வடியும் சீழ் இதன் எச்சரிக்கை. நாற்றம் திரையில் வராது, கேட்டால்தான் தெரியும். நுண்ணோக்கியின் கீழ் காதைத் துடைத்துப் பார்க்காமல் இதை உறுதி செய்யவோ மறுக்கவோ முடியாது என்பதால், சீழ் வடியும் காதுக்கு இணையவழியிலேயே மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து எழுதிக்கொண்டிருப்பது ஏற்கத்தக்கதன்று.

செவிப்பறையைத் தொலைவிலிருந்து காண்பது முடியாத காரியம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அலாஸ்காவில் அது கால் நூற்றாண்டாக நடந்துவருகிறது. அங்கு வாழும் பழங்குடி மக்களிடையே நாள்பட்ட காதுத் தொற்று மிகுதி. அவர்களுடைய ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாலைத் தொடர்பு இல்லை. காது மருத்துவர்களோ ஆங்கரேஜ் நகரில் இருந்தார்கள். இதற்கு அவர்கள் கண்ட வழி, மருத்துவரையும் நோயாளியையும் நேரலையில் சந்திக்க வைப்பதை முதன்மையாகக் கொள்ளவில்லை. முனையில் கேமரா பொருத்திய ஓட்டோஸ்கோப்பால் செவிப்பறையைப் படமெடுக்க ஊரிலேயே வாழும் நலப்பணியாளர்களுக்கும் செவித்திறன் வல்லுநர்களுக்கும் பயிற்சி தந்து, அந்தப் படத்தையும் நோய் விவரத்தையும் செவிச்சோதனை முடிவுகளையும் ஒன்றாகச் சேமித்து அனுப்ப, மருத்துவர் தமக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்து விடை எழுதினார். சேமித்து அனுப்பும் முறை எனப்படும் இதற்கு வேகமான இணையம்கூடத் தேவையில்லை. செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து 2003இல் வெளியான அங்குள்ள ஆய்வொன்று, நேரில் பார்த்து எடுத்த முடிவும் படம் பார்த்து எடுத்த முடிவும், ஒரே காதை நேரில் பார்க்கும் இரு மருத்துவர்கள் தமக்குள் ஒத்துப்போகும் அளவுக்கு நெருக்கமாக ஒத்துப்போவதைக் காட்டியது. நோம் என்னும் சிறு நகரைச் சுற்றிய பகுதியில் இம்முறை வருவதற்கு முன், காது மருத்துவரைக் காணப் புதிதாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 47 விழுக்காட்டினர் ஐந்து மாதமோ அதற்கு மேலுமோ காத்திருந்தார்கள். முறை வந்த முதல் மூன்று ஆண்டுகளில் அது 8 விழுக்காடாகவும், அடுத்த மூன்று ஆண்டுகளில் 3 விழுக்காட்டுக்கும் கீழாகவும் குறைந்தது. இணையம் மட்டும் செய்த வேலை அல்ல இது. நோயாளியின் அருகே, கையில் காதுநோக்கியோடு, பயிற்சி பெற்ற ஒருவர் இருந்ததுதான் அதைச் சாத்தியமாக்கியது.

இந்தியாவின் தொலைமருத்துவமும் இதே அமைப்பில்தான் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஆரகொண்டா கிராம மருத்துவமனை சென்னையின் சிறப்பு மருத்துவர்களோடு இணைக்கப்பட்டபோது, நோயாளியின் பக்கத்திலும் மருத்துவப் பணியாளர்கள் இருந்தார்கள். வீட்டிலிருந்து தனியாக அழைக்கும் முறை பரவலானது கோவிட் காலத்தில்; 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் அதற்குச் சட்டத் தெளிவைத் தந்தன. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே மருந்து எழுதலாம், சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், தற்காலிகமாகவேனும் நோயைக் கண்டறியாமல் மருந்து எழுதுவது தொழில்முறைத் தவறாகக் கருதப்படும் என்பன அவற்றுள் சில. பாராசிட்டமால் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் பரிந்துரைக்கலாம். முதல் சந்திப்பிலேயே எழுதத்தக்கவை என்று வகுக்கப்பட்ட பட்டியலில் பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் காதுச் சொட்டும் குறும்பியை இளக்கும் சொட்டும் எடுத்துக்காட்டுகளாகவே இடம்பெற்றன, ஆனால் அந்தப் பட்டியலுக்குக் காணொளிச் சந்திப்பு கட்டாயம். அரசின் இ-சஞ்சீவனி சேவை இரு கிளைகளாக இயங்குகிறது: ஒன்றில் நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரை அழைக்கிறார், தொடங்கிய 2020இல் இதைப் பயன்படுத்துவதில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது, மற்றொன்றில் நலவாழ்வு மையத்தின் பணியாளர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசுகிறார். காது நோய்களுக்கு இரண்டாவது கிளையே பொருத்தமானது என்று அலாஸ்காவின் பட்டறிவு காட்டுகிறது. அந்த மையங்களில் ஒரு கேமரா ஓட்டோஸ்கோப்பும் அதைக் கையாளும் பயிற்சியும் சேர்ந்துவிட்டால், மாவட்ட மருத்துவமனையின் வரிசையில் நிற்க வேண்டிய பலருக்கு உள்ளூரிலேயே விடை கிடைத்துவிடும்.

கைப்பேசியோடு இணைக்கும் மலிவான காதுக் கேமராக்கள் இன்று வீடுகளுக்கும் வந்துவிட்டன. அசையாமல் இருக்கும் பெரியவரின் காதில் இவை சில வேளை தெளிவான படம் தரலாம். ஆனால் துள்ளும் குழந்தையின் காதில் செலுத்தும் கருவி, குறும்பியை இன்னும் உள்ளே தள்ளவும் செவிப்பறையைக் கிழிக்கவும் கூடும். இதற்கு வேறொரு வழியை, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஷியாம் கொல்லக்கோட்டாவும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உடன் ஆய்வாளர்களும் 2019இல் முன்வைத்தார்கள்: காகிதத்தைப் புனல்போல் சுருட்டிக் கைப்பேசியின் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் காதுத் துளையோடு சேர்த்து, சிறு ஒலித்துடிப்பை அனுப்பி, செவிப்பறையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை ஆராய்வது. பின்னே நீர் தேங்கிய செவிப்பறை காற்று நிறைந்த செவிப்பறையைப்போல் அதிர்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டு, 98 காதுகளில் நடந்த சோதனையில், நீர் உள்ள காதுகளில் சுமார் 85 விழுக்காட்டையும் நீர் இல்லாதவற்றில் சுமார் 82 விழுக்காட்டையும் அது சரியாக இனங்கண்டது. நீர் இருக்கிறதா என்பதற்கு மட்டுமே அது விடை சொல்லும். நீர் தெளிந்ததா சீழாக மாறியதா என்பதைப் பார்த்தே அறிய வேண்டும்.

இணையவழியில் மருத்துவரை அணுகுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு: எத்தனை நாளாக, ஒரு காதா இரண்டுமா, சளிக்குப் பின்னா நீச்சலுக்குப் பின்னா, வடிவது நீரா சீழா இரத்தமா, நாற்றம் உண்டா, காதில் முன்பு ஓட்டையோ அறுவை சிகிச்சையோ இருந்ததா, காதில் இதுவரை எதை விட்டார்கள். சொட்டு மருந்து எழுதப்பட்டால், புட்டியைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த துளி உட்செவியின் சமநிலைக் குழலைத் தூண்டித் தலைசுற்ற வைத்துவிடும். பெரியவர்க்கு மடலை மேலும் பின்னுமாகவும், சிறு குழந்தைக்குக் கீழும் பின்னுமாகவும் இழுத்தால் குழாய் நேராகும். விட்ட பிறகு சில நிமிடம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். ஓட்டை உள்ள காதில் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்து நீர் புகாமல் காப்பதும் மருந்தின் ஒரு பகுதியே.

சில அடையாளங்கள் தென்பட்டால் திரையின் முன் அமர்வதே காலதாமதமாகும். காதுக்குப் பின்னால் உள்ள எலும்புமேடு சிவந்து வீங்கி மடல் முன்னோக்கித் தள்ளப்படுவது, தொற்று அந்த எலும்பின் காற்றறைகளுக்குப் பரவியதைக் காட்டுகிறது. முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், கழுத்து விறைத்தல், ஓயாத வாந்தியோடு கூடிய தலைவலி, மயக்கம், கடும் தலைச்சுற்றல், ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போதல் ஆகியவையும் அத்தகையவை. நீரிழிவு உள்ள முதியவருக்கு, சொட்டு மருந்துக்கு அடங்காமல் இரவில் தூங்கவிடாத காதுவலி தொடர்ந்தால், வெளிச்செவித் தொற்று மண்டையோட்டின் அடி எலும்புக்கே இறங்கிவிட்டதோ என்று ஐயுற வேண்டும். அந்நிலைக்கு வாரக்கணக்கில் ஊசிவழி மருந்தும் ஸ்கேன் சோதனையும் தேவைப்படுவதால், அவரை அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.